டாஸுக்கு ஒண்ணு விண்டோஸுக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே இஎக்ஸ்இ ஃபைலா ஒட்டறது எப்படி

பழைய மெஷினுக்கு செட்டிங் ஏத்தற ப்ரோக்ராம் டாஸுக்கு (விண்டோஸுக்கு முன்னாடி இருந்த, கமாண்ட் டைப் பண்ணி ஓட்டற சிஸ்டம்) ஒண்ணு, விண்டோஸுக்கு ஒண்ணுன்னு ரெண்டா கெடக்கு, ரெண்டையும் ஒரே இஎக்ஸ்இ ஃபைலா சேத்து, டாஸ்ல ஓட்டினா டாஸ் ப்ரோக்ராமும் விண்டோஸ்ல ஓட்டினா விண்டோஸ் ப்ரோக்ராமும் வர்ற மாதிரி பண்ண காசில்லாம ஏதாவது டூல் கெடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. கெடைக்கும், சொல்லப்போனா விண்டோஸ் ப்ரோக்ராம் எழுதற டூல் போட்டிருந்தா உங்க கம்ப்யூட்டர்லயே ஏற்கனவே இருக்கும். ஆனா டூல் பேர மட்டும் சொல்லிட்டுப் போனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஓடலன்னா எங்க பாக்கறதுன்னே தெரியாம முழிப்பீங்க, நானும் அப்படி முழிச்சிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல ஒண்ண மனசுல போட்டுக்கோங்க. சேக்கறதுன்னா ரெண்டு ப்ரோக்ராமும் கலந்து ஒண்ணாயிடாது. ரெண்டும் தனித்தனியாத்தான் உள்ள இருக்கும், ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்கறதே தெரியாது. தெருப்பக்கம் ஒரு வாசல் கொல்லைப்பக்கம் ஒரு வாசல்னு ரெண்டு குடும்பம் இருக்கற வீடு மாதிரி. டாஸ் ஒரு ஃபைல தொறக்கறப்ப முதல்ல எந்த பைட்ட பாக்குது, விண்டோஸ் எந்த பைட்ட பாக்குதுங்கறதுலதான் மொத்த சூட்சுமமும் இருக்கு.

டாஸ் இஎக்ஸ்இ ஃபைல் எதுவா இருந்தாலும் முதல் ரெண்டு பைட் எம், இசட்னு இருக்கும், அந்த ஃபைல் அமைப்ப வடிவமைச்ச மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியோட இனிஷியல் அது. இன்னிக்கு நீங்க ஓட்டற விண்டோஸ் 11 ப்ரோக்ராம எடுத்து ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைல்ல இருக்கற பைட்ட நம்பரா காட்டற டூல்) தொறந்து பாருங்க, அதுவும் எம் இசட்னுதான் ஆரம்பிக்கும். ஏன்னா விண்டோஸ் ப்ரோக்ராம் ஒவ்வொண்ணோட முன்னாடியும் ஒரு குட்டி டாஸ் ப்ரோக்ராம் ஒட்டியிருக்கு, அதுக்குத்தான் ஸ்டப்னு பேரு. விண்டோஸ் ப்ரோக்ராம டாஸ்ல ஓட்டினா "திஸ் ப்ரோக்ராம் கேனாட் பி ரன் இன் டாஸ் மோட்"னு ஒரு வரி வருமே, பலபேரு அத டாஸ் சொல்ற எர்ரர்னு நெனச்சுட்டு இருக்காங்க. டாஸ் சொல்லல, அந்த குட்டி ப்ரோக்ராம்தான் ஓடி அந்த வரிய ஸ்கிரீன்ல போட்டுட்டு வெளிய வருது. வழக்கமா வர்ற அந்த ஸ்டப்ல கோடு வெறும் 14 பைட்தான், மெசேஜ் எங்க இருக்குன்னு சொல்லி டாஸோட 21ஆம் நம்பர் (ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிப்படை எண்ல) இன்டரப்ட, அதாவது டாஸ்கிட்ட வேல சொல்ற வழிய, ஒரு தடவ கூப்பிட்டு ப்ரிண்ட் பண்ணும், இன்னொரு தடவ கூப்பிட்டு முடிச்சுக்கும், 15ஆவது பைட்லேருந்து அந்த மெசேஜே ஆரம்பிச்சிடும்.

அப்ப விண்டோஸ் தன்னோட பாகத்த எப்படிக் கண்டுபிடிக்குது? விண்டோஸ் ஃபைல்ல முன்னாடி இருக்கற எம் இசட் ஹெடர் (ஃபைல பத்தின விவரம் இருக்கற தலைப்பகுதி) 64 பைட், அதுல கடைசி 4 பைட், அதாவது 60ஆவது எடத்துலேருந்து (0லேருந்து எண்ணணும், ஹெக்ஸ்ல 3சி) இருக்கற நம்பர்தான் "விண்டோஸ் ஹெடர் ஃபைல்ல இத்தனாவது பைட்ல இருக்கு"ன்னு சொல்ற விலாசம். விண்டோஸ் அந்த எடத்துக்குப் போயி பி, இ, அப்புறம் ரெண்டு ஜீரோ பைட் இருக்கான்னு பாக்கும், இருந்தா அதுலேருந்து வேலய ஆரம்பிக்கும், ஸ்டப்புக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுக்கவே கண்டுக்காது. டாஸுக்கு நேர் எதிர், அதுக்கு 60ஆவது எடத்துல ஒரு விலாசம் இருக்கறதே தெரியாது, ஹெடர்ல "என் அளவு இத்தன 512 பைட் பேஜ், ஹெடர் மட்டும் இத்தன 16 பைட் துண்டு"ன்னு போட்டிருக்கறத மட்டும் படிச்சு அந்த அளவு மட்டும் மெமரில ஏத்திக்கும். இதனாலதான் உங்க விண்டோஸ் ப்ரோக்ராம் 10 எம்பி இருந்தாலும் டாஸோட 640 கேபி மெமரிக்கு ஒரு பாரமும் இல்ல, அந்த 10 எம்பிய அது தொடவே தொடாது.

ஆக அந்த 14 பைட் குட்டிய எடுத்துட்டு அந்த எடத்துல உங்க முழு டாஸ் ப்ரோக்ராமயே வெச்சா முடிஞ்சுது. இது யாரோ கண்டுபிடிச்ச குறுக்கு வழி இல்ல, அமைப்புலயே அதுக்குன்னு விட்டிருக்கற எடம். விண்டோஸ் 95ல வந்த, விண்டோஸ் செட்டிங் இருக்கற ரெஜிஸ்ட்ரிய திருத்தற ரெஜெடிட்டே இப்படி ரெண்டும் சேந்த ஃபைல்தான், விண்டோஸ்ல ஓட்டினா ஜன்னல் தொறக்கும், டாஸ்ல பூட் பண்ணி ஓட்டினா கமாண்ட் லைன்ல ரெஜிஸ்ட்ரிய எக்ஸ்போர்ட் இம்போர்ட் பண்ற டாஸ் ப்ரோக்ராம் வரும். விண்டோஸ் எழும்பாம படுத்துட்டா ரெஜிஸ்ட்ரிய சரி பண்ண வேற வழி வேணும்ல, அதுக்காக.

இப்ப டூலுக்கு வர்றேன். உங்ககிட்ட விண்டோஸ் ப்ரோக்ராமோட சோர்ஸ் கோடோ, இல்ல அட்லீஸ்ட் ஆப்ஜெக்ட் ஃபைலோ (கம்பைல் ஆகி இன்னும் இஎக்ஸ்இ ஆகாதது) இருந்தா வேற எதயும் தேடாதீங்க, மைக்ரோசாஃப்ட் லிங்கர்லயே (அந்தத் துண்டுகள சேத்து இஎக்ஸ்இ ஆக்கற டூல்) ஸ்டப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்குப் பக்கத்துல டாஸ் இஎக்ஸ்இ ஃபைல் பேர குடுத்து லிங்க் பண்ணுங்க, அவ்ளோதான், விஷுவல் ஸ்டூடியோவோட கம்யூனிட்டி எடிஷன்லயே அது வரும். எனக்குக் கேட்டா ஓப்பன் வாட்காம்தான் இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம்னு சொல்லுவேன், அது முழுக்க இலவசம், ஒரே கம்பைலர்ல டாஸ் 16 பிட் ப்ரோக்ராமும் பண்ணலாம் விண்டோஸ் 32 பிட் ப்ரோக்ராமும் பண்ணலாம், அதோட லிங்கர்லயும் ஸ்டப் ஆப்ஷன் இருக்கு. டாஸ் பக்கத்த முதல்ல கம்பைல் பண்ணி வெச்சுக்கோங்க, அப்புறம் விண்டோஸ் பக்கத்த லிங்க் பண்றப்ப அந்த ஃபைல காட்டுங்க.

ஒரு சின்ன விஷயம், ஆனா எல்லாரும் இதுல ஒரு தடவயாவது சறுக்குவாங்க. டாஸ் ஃபைலோட ஹெடர் கொறைஞ்சது 64 பைட் இருக்கணும், ஏன்னா 60ஆவது எடத்துல அந்த விலாசத்த எழுதணுமே. பழைய லிங்கர் சிலது 32 பைட்லயே ஹெடர முடிச்சிட்டு உடனே கோட ஆரம்பிச்சிடும், அந்த மாதிரி ஃபைல குடுத்தா, கவனமில்லாத டூலா இருந்தா கோடு நடுவுலயே விலாசத்த எழுதித் தொலைச்சிடும், அப்புறம் விண்டோஸ்ல நல்லா ஓடும், டாஸ்ல தொங்கிடும், காரணம் தேடி ரெண்டு நாள் போயிடும். அதனால டாஸ் ஃபைல ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்து 8ஆவது எடத்துல இருக்கற ரெண்டு பைட் நம்பர பாருங்க, அது ஹெடர் எத்தன 16 பைட் துண்டுங்கற கணக்கு, 4 அல்லது அதுக்கு மேல இருந்தா பயமில்ல. உங்க டாஸ் ப்ரோக்ராம் காம் ஃபைலா (.COM-னு முடியற பழைய வகை) இருந்தா அத அப்படியே குடுக்க முடியாது, காம் ஃபைலுக்கு ஹெடரே கெடையாது, முன்னாடி ஒரு ஹெடர ஒட்டி இஎக்ஸ்இ ஆக்கிட்டுத்தான் குடுக்கணும்.

சோர்ஸ் இல்ல, ரெடியா இருக்கற ரெண்டு இஎக்ஸ்இ மட்டும்தான் இருக்குன்னா கதை வேற, இங்கதான் கவனம் வேணும். ஸ்டப்ப பெருசாக்கினா அதுக்குப் பின்னாடி இருக்கற விண்டோஸ் பாகம் மொத்தமும் ஃபைல்ல தள்ளிப்போகும், ஆனா விண்டோஸ் ஹெடருக்குள்ள "கோடு ஃபைல்ல இந்த எடத்துல இருக்கு, டேட்டா இந்த எடத்துல இருக்கு"ன்னு ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு நம்பர் இருக்கு, அத எல்லாத்தயும் தள்ளின அளவுக்குக் கூட்டணும், அதுவும் வழக்கமா 512ஓட மடங்கா வரணும். இது செய்யக்கூடியதுதான். செய்ய முடியாதது எதுன்னா, ஹெடர் எல்லாம் மெமரில ஏறி உக்காரற எடம். சாதாரணமா முதல் செக்‌ஷன் மெமரில 4096ஆவது பைட்ல ஆரம்பிக்கும், ஸ்டப்பும் விண்டோஸ் ஹெடரும் சேந்து அதுக்குள்ள அடங்கியாகணும், அப்படின்னா ஸ்டப்புக்கு 3 கேபி சொச்சம்தான் கெடைக்கும். லிங்க் பண்றப்பவே ஸ்டப்ப குடுத்தா லிங்கர் முதல் செக்‌ஷன தள்ளி வெச்சுக்கும், ஏற்கனவே லிங்க் ஆன ஃபைல்ல அத தள்ளினா உள்ள இருக்கற விலாசம் அத்தனயும் தப்பாயிடும்.

அதுக்கும் ஒரு வழி இருக்கு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வழியும் இதுதான். டாஸ் பாகத்த முன்னாடி வைக்காம ஃபைலோட கடைசில கொண்டு போயி ஒட்டுங்க. டாஸ் கோடு எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு டாஸுக்கு எப்படித் தெரியும்? ஹெடர் இவ்ளோ பெருசுன்னு 8ஆவது எடத்துல போட்டிருக்கே, அத தாண்டி இருக்கறதுதான் கோடுன்னு அது எடுத்துக்கும். அப்ப அந்த நம்பர பெருசா மாத்தி, விண்டோஸ் பாகம் மொத்தத்தயும் "இதெல்லாம் என்னோட ஹெடர்"னு டாஸ நம்ப வெச்சுட்டா, டாஸ் அத்தனயும் தாண்டி நேரா கடைசில இருக்கற தன்னோட கோட எடுத்து ஓட்டும். விண்டோஸ் பக்கம் ஒரு பைட் கூட நகரல, பழைய ஸ்டப் இருந்த எடம் சும்மா கெடக்கும், அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா அந்த நம்பர் 16 பிட்தான், 65,535 தடவ 16னா 1 எம்பிக்குக் கொஞ்சம் கம்மி, அதனால ரெண்டும் சேந்து 1 எம்பிக்குள்ள இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. டாஸ் கோடு ஆரம்பிக்கற எடம் 16ஓட மடங்கா இருக்கணும், பேஜ் கணக்கயும் முழு ஃபைலுக்கும் சேத்து மாத்திப் போடணும். ப்ரோக்ராம் மெமரில ஏறற எடத்துக்கு ஏத்தபடி திருத்த வேண்டிய எடங்களோட பட்டியல்னு ஒண்ணு டாஸ் ஹெடர்ல இருக்கும், ரிலொகேஷன் டேபிள்னு சொல்லுவாங்க, அதோட விலாசமும் 16 பிட்தான், அதனால அது முதல் 64 கேபிக்குள்ள எங்கயாவது இருந்தாகணும். அந்தப் பட்டியலே இல்லாத சின்ன ப்ரோக்ராம்னா பத்து நிமிஷ வேல, பெரிய ப்ரோக்ராம்னா பழைய ஸ்டப் இருந்த எடத்துல அத அடக்க முடியுமான்னு பாக்கணும்.

நான் சறுக்கினது எங்கன்னு சொல்லிடறேன், நீங்க அதுல விழ வேணாம். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய பில்லிங் ப்ரோக்ராம இந்த மாதிரி விண்டோஸ் பக்கத்தோட ஒட்டினேன், டாஸ்ல ஆரம்பத் திரை வந்துச்சு, பாஸ்வேர்ட் கேட்டுச்சு, ரிப்போர்ட் மெனுவுக்குப் போனா அப்படியே நின்னுடுச்சு. ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன், ஹெடர்ல ஒரு தப்பும் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த ப்ரோக்ராம் மெமரில அடங்காத அளவுக்குப் பெருசுங்கறதால ஓவர்லே முறைல எழுதியிருக்காங்க, அதாவது தேவைப்படறப்ப தன்னோட இஎக்ஸ்இ ஃபைலயே தொறந்து மிச்சக் கோட எடுத்துக்கும். ஃபைல் ஆரம்பத்துலேருந்து இத்தனாவது பைட்னு அது ஒரு கணக்கு வெச்சிருக்கு, நான் ஒட்டினதுல அந்தக் கணக்கு தப்பாயிடுச்சு, எடுக்கப் போன எடத்துல விண்டோஸ் கோடு உக்காந்திருக்கு. அதனால உங்க டாஸ் ப்ரோக்ராம் தன்னோட ஃபைலயே தொறந்து படிக்குமான்னு முதல்ல பாருங்க. டிஜேஜிபிபிங்கற டாஸ் கம்பைலர்ல பண்ண 32 பிட் டாஸ் ப்ரோக்ராமும் இப்படித்தான், முன்னாடி 2 கேபி ஸ்டப் ஒண்ணு ஓடி, அதே ஃபைல்ல தனக்குப் பின்னாடி இருக்கற நெஜ ப்ரோக்ராம தேடி ஏத்தும், அத இன்னொரு ஃபைலுக்குள்ள ஸ்டப்பா வெச்சா தேடற எடத்துல இருக்காது. தன்னத்தானே விரிச்சுக்கற செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைலும் அதே கதைதான்.

உங்க விண்டோஸ் ப்ரோக்ராம் ஜன்னல் இல்லாத, கமாண்ட் லைன்ல ஓடற 32 பிட் ப்ரோக்ராம்னா இன்னொரு வழியும் யோசிக்கலாம், டாஸுக்குன்னு தனி ப்ரோக்ராமே வேணாம். எச்எக்ஸ் டாஸ் எக்ஸ்டெண்டர்னு ஒரு இலவச தொகுப்பு இருக்கு, விண்டோஸோட அடிப்படை ஃபங்க்‌ஷன்கள டாஸ்லயே அது குடுக்கும், அதுல பிஇஸ்டப்னு ஒரு சின்ன யுடிலிட்டி வரும், அது உங்க விண்டோஸ் ஃபைல்ல இருக்கற ஸ்டப்ப எடுத்துட்டு எச்எக்ஸோட ஸ்டப்ப வெச்சிடும். ஒரே கோடு ரெண்டு பக்கமும் ஓடும். மெஷினோட சீரியல் போர்ட்ல பேசற ப்ரோக்ராம்னா மட்டும் இத நம்பி எறங்காதீங்க, அந்த மாதிரி வேலைக்கு டாஸுக்குன்னே எழுதின கோடுதான் சரி.

இந்த யோசனை எவ்ளோ பழசுன்னா, விண்டோஸ் பெருசா வர்றதுக்கு முன்னாடியே 1987ல வந்த ஓஎஸ்/2ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாஃப்ட் பைண்ட்னு ஒரு யுடிலிட்டி குடுத்தாங்க, டாஸ்லயும் ஓஎஸ்/2லயும் ஓடற ஒரே ஃபைல அது பண்ணும். அதுக்கும் பின்னாடி போனா டாஸுக்கு முன்னாடி இருந்த சிபி/எம்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம். அங்க ஹெடரே கெடையாது, காம் ஃபைல எடுத்து மெமரில 256ஆவது பைட்ல வெச்சு முதல் பைட்லேருந்தே ஓட்ட ஆரம்பிச்சிடும், டாஸும் காம் ஃபைல அதே மாதிரி அதே 256லதான் வைக்கும். ஆனா சிபி/எம் ஓடறது 8080 இல்ல இசட்80 ப்ராசஸர்ல, டாஸ் ஓடறது 8086ல, மெஷின் கோடு ரெண்டுக்கும் வேற வேற. ஹெடர் இல்லாதப்ப ரெண்டுக்கும் ஒரே ஃபைல எப்படிப் பண்றது? முதல் நாலு பைட்ட ஈபி, 04, ஈபி, சி3ன்னு வைக்கணும் (எல்லாம் ஹெக்ஸ்), அதுக்கப்புறம் ரெண்டு பைட் விலாசம். 8086 இத படிச்சா ஈபி 04னா "நாலு பைட் தாண்டிக் குதி"ன்னு அர்த்தம், குதிச்சு ஏழாவது பைட்ல இருக்கற டாஸ் கோடுல போயி நிக்கும். 8080 படிச்சா ஈபின்னா "ரெண்டு ரெஜிஸ்டர் ஜோடிய மாத்திப் போடு", 04னா "பி ரெஜிஸ்டர்ல ஒண்ணு கூட்டு", மறுபடி ஈபி வந்து மாத்தினத பழையபடி ஆக்கிடும், அப்புறம் சி3, "பின்னாடி இருக்கற விலாசத்துக்குக் குதி", அங்க சிபி/எம் கோடு. ஆறே பைட்ல ரெண்டு ப்ராசஸரும் பிரிஞ்சு அவங்கவங்க எடத்துக்குப் போயிடறாங்க. எத்தனயோ தடவ பாத்தாச்சு, இன்னும் எனக்கு அழகா இருக்கு.

அதுலயும் ஒரு வேல பாக்கி இருக்கு, ரெண்டு ப்ரோக்ராமுமே தான் 256லதான் இருக்கோம்னு நெனச்சு எழுதினது, ஆனா ரெண்டாவதா ஒட்டினது எங்கயோ தள்ளி இருக்கும். அதனால சேக்கற டூல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குட்டி நகர்த்தற கோடு வைக்கணும், அது தன்னோட ப்ரோக்ராம 256க்கு இழுத்து வெச்சுட்டு அங்க குதிக்கும், அந்த நகர்த்தற கோடே அழிஞ்சு போகாத எடத்துல இருக்கணும். ரெண்டும் சேந்து 64 கேபிக்குள்ள அடங்கணும்.

லினக்ஸயும் சேக்க முடியுமான்னு கடைசில ஒரு வரி கேட்டிருந்தீங்க. முடியும், ஆனா ரெடி ஃபைல் ரெண்ட ஒட்டி இல்ல, சோர்ஸ் வேணும். ஜஸ்டீன் டன்னி பண்ற காஸ்மோபாலிட்டன்னு ஒரு இலவச சி லைப்ரரி இருக்கு, அதுல கம்பைல் பண்ணா வர்ற ஒரே ஃபைல் விண்டோஸ், லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி எல்லாத்துலயும் ஓடும், அதுல ஏப்லிங்க்னு வர்ற டூல் இன்டெல் ப்ராசஸர் கோடயும் ஆர்ம் ப்ராசஸர் கோடயும் ஒரே ஃபைல்ல சேத்துடும். அந்த ஃபைலோட ஆரம்பமும் எம் இசட்தான், அதனால விண்டோஸ் ஏத்துக்கும், ஆனா அதே எழுத்துகள தொடந்து படிச்சா ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்ல (லினக்ஸ் கமாண்டுகள வரிசையா எழுதின ஃபைல்) வேரியபிளுக்கு மதிப்பு குடுக்கற வரியா இருக்கும், ஒத்தை மேற்கோள் ஒண்ணு தொறந்து விண்டோஸுக்கு வேண்டிய பைட் எல்லாத்தயும் அதுக்குள்ள முழுங்கிடும், அது முடிஞ்ச பிறகு லினக்ஸோட ஷெல் தனக்கு வேண்டியத படிக்கும். நான் மேல சொன்ன ஆறு பைட் விஷயத்தோட பேரப்புள்ளைதான் இது.

இனி பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துக்கோங்க. 64 பிட் விண்டோஸ் டாஸ் ப்ரோக்ராம ஓட்டறதே இல்ல, விண்டோஸ் 11 64 பிட்ல மட்டும்தான் வருது, அதனால கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டிப் பாத்துட்டு "டாஸ் பாகம் வரலயே"ன்னு கவலப்படாதீங்க. பழைய 32 பிட் விண்டோஸ்லயும் கமாண்ட் ப்ராம்ப்ட்லேருந்து ஓட்டினா விண்டோஸ் பாகம்தான் வரும். டாஸ் பாகத்த சோதிக்க டாஸ்பாக்ஸ்ங்கற டாஸ் எமுலேட்டர்ல ஓட்டிப் பாருங்க, இல்லன்னா ஒரு பென் டிரைவ்ல ஃப்ரீடாஸ்ங்கற இலவச டாஸ போட்டு பூட் பண்ணிப் பாருங்க, மெஷின்ல போடப்போறதுன்னா பென் டிரைவ் வழிதான் நம்பகம். ரெண்டாவது, விண்டோஸ் ஃபைல்ல டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தா ஸ்டப்ப தொட்ட உடனே அது செல்லாது, ஏன்னா கையெழுத்துக் கணக்குல ஸ்டப்பும் சேந்துதான் இருக்கு, அதனால ஒட்டி முடிச்ச பிறகு கையெழுத்து போடணும். மூணாவது ஆன்டிவைரஸ். ஸ்டப் எடத்துல நெறைய கோடு இருக்கற ஃபைல், கடைசில ஏதோ ஒட்டின ஃபைல் எல்லாம் அதுக்கு சந்தேகமாத் தெரியும், நான் குடுத்த ஃபைல ஒரு எடத்துல ஆன்டிவைரஸ் சத்தமில்லாம தூக்கிட்டு, "நீங்க ஃபைலே அனுப்பல"ன்னு போன் வந்துச்சு. குடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

நெசமாவே ஒரே ஃபைல் தேவையான்னும் யோசிங்க. உங்க ஆபீஸ்ல நாலு பேருதான் பயன்படுத்தறாங்கன்னா ஒரு ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல், டாஸுக்கு இது விண்டோஸுக்கு அதுன்னு பேர் வெச்சுட்டாலே போதும். பென் டிரைவோட வெவ்வேற ஃபேக்டரிக்குப் போறவங்க, எந்த கம்ப்யூட்டர் அங்க இருக்கும்னே தெரியாது, தப்பான ஃபைல ஓட்டிட்டு மெஷின் முன்னாடி நிக்கக்கூடாதுன்னா அப்ப இது கண்டிப்பா பிரயோஜனம், நீங்க எழுதியிருக்கறத பாத்தா உங்க நிலம அதுதான்னு தோணுது.

உங்ககிட்ட சோர்ஸ் இருக்கா இல்லயான்னு சொல்லல. இருந்தா ஓப்பன் வாட்காம்ல ஆரம்பிங்க, ஒரு நாள் வேலதான். இல்லன்னா டாஸ் ஃபைலோட முதல் 64 பைட்டையும் ரெண்டு ஃபைலோட அளவயும் எழுதுங்க, கடைசில ஒட்டற முறை அதுக்கு ஒத்து வருமா, எந்தெந்த எடத்துல என்ன நம்பர மாத்தணும்னு கணக்கு போட்டுச் சொல்றேன்.